மடுவில் மிஞ்சிய விரால்

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து வவுனியா பஸ் புறப்பட்டது. கனகராயன்குளத்துக்கு ரிக்கற் நானூற்று இருபது ரூபாய். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். யன்னலோரத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு வாயெல்லாம் பல். மறுநாள் திரும்பி வரும்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். வெட்கம் விடவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் ஆறுமோ என்று பார்க்கிறேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ரீச்சர். இருபது வருஷத்துக்கு மேலாக ‘இசைவாக்கம்’ என்ற பாடத்தை ஒட்டகத்தையும் பனிக்கரடியையும் கள்ளிச்செடியையும் வைத்து ஓட்டி வருகிறேன். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் உயிர்கள் எப்படித் தங்களை மாற்றிக்கொண்டு பிழைக்கின்றன என்பதுதான் பாடம். ஒட்டகத்தை நானும் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. சில வருஷங்களுக்கு முன் கலைவாணி என்றொரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், எங்கட குளம் கோடையில முழுக்கக் காயும். ஆனா மழை பெய்த கையோட விரால் துள்ளும். அதைப் படிப்பிக்க ஏலாதோ?” என்று கேட்டாள். கனகராயன்குளத்துக்கு உள்ளே ஒரு சின்னக் கிராமத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்தாள். இப்போது மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய தாயும் தகப்பனும், “பிள்ளையைப் படிப்பிச்சு விட்டனீங்கள், ஒருக்கா எங்கட வீட்டை வாங்கோ” என்று அன்றிலிருந்து போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கோடையில்தான் வருவேன், குளம் காய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இந்த வருஷம் நன்றாகவே காய்ந்தது.

அந்தக் கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஏழரை மணியளவில் ஆனையிறவு. இருபக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புவெளி. வெயில் ஏற முதலே கண் கூசியது. மனிதன் பத்து நிமிஷம் நிற்கக் கஷ்டப்படும் அந்த இடத்தில் உமரிச்செடி சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த கொடிகாமத்து அம்மாவுக்கு நான் விளக்கத் தொடங்கினேன். உப்பு மற்றச் செடிகளைக் கொல்லும், உமரி அந்த உப்பையே உள்ளே இழுத்துத் தடித்த தண்டுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் உப்புச் சேற்றிலும் அதற்குத் தண்ணீர் எடுக்க முடிகிறது என்றேன். அவர் மரியாதைக்கு இரண்டு முறை “ஓமோ” என்றார். பரந்தன் வர நித்திரையாகிவிட்டார். எனக்கு வாய் ஓயாது. வீட்டிலும் அதைச் சொல்லித்தான் பேச்சு வாங்குகிறேன்.

கிளிநொச்சி தாண்டி முறிகண்டியில் பஸ் நின்றது. கற்பூரம் கொளுத்துகிறவர்கள் கொளுத்தினார்கள், நான் நூறு ரூபாய்க்கு வறுத்த கச்சான் கடலை வாங்கினேன். அதற்குப் பிறகு காடு. முதிரை மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு விறகாய் நின்றன. தண்ணீர் இல்லாத காலத்தில் இலை வைத்திருப்பது வீண்செலவு. பாலை மரம் மட்டும் கொட்டாது. அதன் இலை சின்னது, தோல் மாதிரித் தடிப்பானது, வெயிலுக்கு அசையாது. ஒரே வெயில், ஒரே மண், பிழைக்கும் வழி மட்டும் வேறு. வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

கனகராயன்குளத்தில் இறங்கியபோது ஒன்பதரை இருக்கும். கலைவாணியின் தகப்பன் மாரிமுத்து ஓட்டோ ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயதுக்குள், மெலிந்த மனிதர். எனக்காக வெள்ளைச் சேட் போட்டிருந்தார், மடிப்புக் கலையவில்லை.

“வாங்கோ ரீச்சர். நீங்கள் வருவீங்களெண்டு நான் நம்பேல்லை. ராணிதான் நம்பினவா.”

ராணி அவருடைய மனைவி. பத்து நிமிஷ மண்பாதைக்குப் பிறகு வீட்டு வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். விறாந்தையில் ஒரே ஒரு நல்ல கதிரை, அதில் என்னை இருத்திவிட்டு அவர்கள் நின்றார்கள். நான் இருங்கோ இருங்கோ என்றேன். இருக்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாரிமுத்துவின் தாயும் தகப்பனும் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அங்கே இருக்கவிடாமல் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மலைநாட்டுக் குளிரில் வளர்ந்தவர்கள் இந்த வெயிலுக்குள் வந்து விழுந்தார்கள். மாரிமுத்து இங்கேதான் பிறந்தார். இந்தக் குளத்தில் நீந்தப் பழகி, இந்தக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். ஆனாலும் இவர்களுடைய பத்துப் பன்னிரண்டு வீடுகளும் ஊரின் ஒரு கரையில்தான். ஊரில் அதற்குப் பெயர் ‘அந்தப் பக்கம்’.

பத்தரைக்குக் குளத்தடிக்குப் போனோம்.

அணைக்கட்டில் ஏறியதும் மருத மரங்களின் நிழல். வேர் ஆழத்தில் இருப்பதால் அவற்றுக்குக் கோடை தெரியாது. கீழே பார்த்தால் குளமா அது! ஒரு கிலோமீற்றருக்கு மண் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. மாடுகள் நடுக்குளத்தில் படுத்திருந்தன. தாமரை இருந்த இடத்தில் கறுத்த தண்டுகள் மட்டும். தோண்டினால் கிழங்கு உயிரோடு இருக்கும் என்று தோண்டிப் பார்த்தேன், இருந்தது. சேறு கொஞ்சம் ஈரமாய் இருந்த ஓரிடத்தில் மாரிமுத்து காலால் தட்டி, “இதில ஒண்டு கிடக்கு” என்றார். மண்ணைத் தள்ளினால் ஒரு பால் ஆமை. தலையும் காலும் உள்ளே, ஓட்டின் அடி மடல்களை இழுத்து மூடிக்கொண்டு, கல் மாதிரிக் கிடந்தது. இதயம் நின்றுவிட்டதோ என்று நினைக்குமளவுக்கு மெதுவாகத்தான் அதற்கு அடிக்கும். பசி இல்லை, தாகம் இல்லை, மழை வரும் வரை ஒன்றும் வேண்டாம். அப்படியே மூடிவிட்டு வந்தோம். எனக்குச் சின்னப்பிள்ளைச் சந்தோஷம்.

குளத்தின் ஆக ஆழமான மூலையில் மட்டும் ஒரு வீட்டு முற்றமளவு தண்ணீர் மிஞ்சியிருந்தது. பச்சை நிறம், கஞ்சி மாதிரித் தடிப்பு. கரையில் ஒரு கம்பு நட்டு வேப்பங்குழை கட்டியிருந்தது.

“இதுதான் மடு, ரீச்சர். தண்ணி இந்த அளவுக்கு இறங்கினவுடன ஊர்க் கமக்காரர் சங்கம் கூடிக் குழை கட்டிப்போடும். பிறகு மழை வந்து குளம் நிரம்புமட்டும் ஆரும் வலை போடேலாது, தூண்டில் போடேலாது. இதுக்குள்ள கிடக்கிறதுதான் அடுத்த வருசத்து விதை. இதையும் பிடிச்சுத் திண்டமெண்டா குளத்தில மீன் இல்லை.”

“ஒருவரும் களவாய்ப் பிடிக்கிறதில்லையோ?”

“காவல் இருக்கு.” சரிந்திருந்த கம்பை நிமிர்த்திவிட்டுச் சொன்னார். “இந்த வருசம் நான்தான் காவல்.”

சம்பளம் உண்டோ என்று கேட்டேன். சிரித்தார். சம்பளமெல்லாம் இல்லை. அணைக்கட்டில் ஐயனார் கல்லுக்கு முன்னால் சங்கத் தலைவர் ஒரு வெற்றிலை கொடுப்பார். அதை வாங்கினால் காவல். ஊர் ஒருவனை நம்புகிறது என்பதுதான் அதன் பொருள். “அப்பா ரெண்டு மூண்டு தரம் கேட்டவர், குடுக்கேல்லை. அந்தப் பக்கத்தில ஒருத்தருக்கும் இதுவரைக்கும் குடுக்கேல்லை. நான்தான் முதல். வெத்திலை வாங்கின அண்டைக்கு ராணி அழுதவா. கலைவாணிக்கு போன் எடுத்துச் சொன்னனாங்கள்.” சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மடுவைத்தான் பார்த்தார். நான் மனதாரப் பாராட்டினேன். உலகத்தில் எத்தனையோ சட்டங்கள் உண்டு, இப்படி ஒரு வேப்பங்குழைக்கு அடங்குகிற ஊர் எத்தனை என்றேன். இதையெல்லாம் என் வாயால்தான் சொன்னேன்.

பிறகு என் பங்குக்கு நான் பாடம் எடுத்தேன். தண்ணீரில் குமிழ் விட்டு ஒரு விரால் மேலே வந்து வாயைப் பிளந்துவிட்டு உள்ளே போனது. மற்ற மீன்களுக்குத் தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் வேண்டும், இந்தக் கஞ்சித் தண்ணீரில் அது இல்லை, யப்பான் மீன் என்கிற திலாப்பியா முதலில் செத்து மிதக்கும். விராலுக்குத் தலைக்குள்ளே காற்றைப் பிடித்து வைக்க அறை இருக்கிறது. அது மேலே வந்து காற்றை விழுங்கும், வரவிடாமல் மறித்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். தண்ணீரும் போனால் சேற்றுக்குள் இறங்கி, உடம்பைச் சுற்றி வழுவழுப்பைச் சுரந்து, மூச்சு விட ஒரு துளையை மட்டும் வைத்துக்கொண்டு படுத்துவிடும். கரையோரச் சேற்றில் அப்படி ஒரு துளையைக் கண்டு, “இந்தா, இதற்குக் கீழே ஒன்று கிடக்கிறது. பெரியது” என்று கையைக் காட்டினேன். மாரிமுத்து குனிந்து பார்த்தார். “ரீச்சருக்குக் கண் நல்ல கண்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு. சோறு, பருப்பு, முருங்கையிலை, கருவாட்டுப் பொரியல். ராணி பரிமாறும்போது, “மீன் கிடைக்கேல்லை ரீச்சர். முல்லைத்தீவால வாற மீன்காரர் இண்டைக்கு வரேல்லை. குறை நினையாதேங்கோ” என்றார்.

அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஐயோ, மீனே? கடல்மீன் திண்டு திண்டு எங்களுக்கு அலுத்துப் போச்சு பிள்ளை. குளத்து விரால் ஒருக்காத் தின்ன வேணுமெண்டுதான் ஆசையாய் வந்தனான். பார், கண்ணால காணத்தான் குடுத்துவைச்சிருக்கு” என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. ராணி மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த ஆள் வாய் திறந்து ஒன்றை ஆசை என்று சொன்னால், அதைக் கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் வன்னியில் இல்லை. அது எனக்குத் தெரியாததா? என் சொந்தக்காரர் பாதிப்பேர் வன்னியில் இருந்தவர்கள். அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆட்கள் ‘அந்தப் பக்கத்து’ வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம் ஒன்று இருந்தது. என் வீட்டிலேயே இருந்தது. அப்படியான வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ரீச்சர் கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, இன்னது தின்ன ஆசை என்கிறாள். அவர்கள் என்ன செய்வார்கள்? யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. வயிறு நிறைந்தது, பாயில் சரிந்து நித்திரையாகிவிட்டேன். எழும்பும்போது மாரிமுத்து வீட்டில் இல்லை, மாடு கட்டப் போய்விட்டார் என்று ராணி சொன்னார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் விரால் குழம்பும்.

“மீன் எங்கால ராணி?” என்றேன்.

“இருந்தது ரீச்சர். சாப்பிடுங்கோ.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்வார், உண்மை தெரிந்த பிறகு தின்ன முடியாது. அதற்காகத்தான் கேட்கவில்லை. வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வாயிலேயே தெரிந்தது. பல கிழமை இரை தின்னாத மீன், சதை இறுகிக் கிடந்தது, சேற்று மணம் புளிக்குள்ளும் அடங்கவில்லை. கடையில் வாங்குகிற விரால் அப்படி இராது. நான் உயிரியல் ரீச்சர் அல்லவா! தெரிந்துகொண்டே இரண்டு துண்டு தின்றேன். குழம்பு இன்னொரு அகப்பை கேட்டு வாங்கினேன். அவர்கள் இருவரும் சம்பலோடு புட்டைச் சாப்பிட்டார்கள். மாரிமுத்து, “எங்களுக்கு இரவில மீன் ஒத்துக்கொள்ளாது” என்றார். அதையும் நம்பினது போல இருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. நான் முகம் கழுவிக்கொண்டு நிற்க, படலையில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே கூப்பிட்டார். “மாரிமுத்து, தலைவர் வரட்டாம். ஐயனாரடிக்கு.”

விரால் குழம்பின் மணம் வேலிக்குள் நிற்காது. கோடையில் ஊரில் ஒரு வீட்டிலும் விரால் இல்லாதபோது அந்த மணம் ஊருக்கே கேட்கும். போதாததற்கு மடுவோரச் சேற்றில் கால் அடையாளம். நான் விரல் நீட்டிக் காட்டிய அதே துளை தோண்டப்பட்டுக் கிடந்தது.

நானும் வருவேன் என்றேன். ராணி வேண்டாம் என்றார். நான் போனேன். மருத மரத்தடியில் பதினைந்து பேரளவில் நிலத்தில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். மாரிமுத்து நின்றார். தலைவர் நல்லையா அறுபது வயது மதிக்கத்தக்கவர், சத்தம் போடாத மனிதர்.

“மாரிமுத்து, மடுவில ஆரின்ர கால்?”

“என்ர கால்தான்.”

“ஏன் இறங்கினனீ?”

“விரால் ஒண்டு எடுத்தனான்.”

“ஆருக்கு?”

மாரிமுத்து என்னைப் பார்க்கவே இல்லை. “எனக்குத்தாங்க. ஆசையா இருந்திச்சுங்க. எடுத்துத் தின்னுட்டேங்க.”

அதுவரை அவர் எல்லாரையும் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். பயத்தில் தாய் தகப்பனுடைய தோட்டத்துப் பேச்சு வாய்க்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “தோட்டக்காட்டாருக்குக் காவல் குடுத்தா இதுதான் நடக்குமெண்டு அப்பவே சொன்னனான்.” அவரை ஒருவரும் அடக்கவில்லை. அந்தச் சொல்லை நான் புதிதாய்க் கேட்கவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த சொல்.

எழும்பப் போனேன். என்னோடு வந்திருந்த ராணி பின்னால் நின்று என் தோளை அமர்த்தினார். “பேசாமல் இருங்கோ ரீச்சர். வீட்டுக்கு வந்த ஆளைக் காட்டிக் குடுத்தா எங்களுக்குத்தான் கேவலம்.” நான் பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஒரு மூலை நிம்மதியாய் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். சீ, என்ன பிறவி நான் என்று எனக்கே வந்தது. எழும்பினேன்.

“அவர் தனக்கு எடுக்கேல்லை. நான்தான் விரால் தின்ன ஆசையெண்டு சொன்னனான். எனக்குத்தான் சமைச்சவை. நான்தான் திண்டனான். பிழை முழுக்க என்ர.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, ரீச்சருக்கோ! கடவுளே! எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்களே பிடிச்சுத் தந்திருப்பமே. யாழ்ப்பாணத்தில இருந்து இவ்வளவு தூரம் வந்தனீங்கள், ஒரு விராலுக்கு ஆர் மறிக்கப் போயினம்?”

எல்லாரும் சிரித்தார்கள். தோட்டக்காட்டார் என்று சொன்னவரும் சிரித்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தப்பினோம், எல்லாம் முடிந்தது என்று கதிரையில் இருந்தேன். மாரிமுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

“சரி,” என்றார் தலைவர். “மாரிமுத்து, வெத்திலையை வை.”

நான் திரும்பவும் எழும்பினேன். “ஏன்? நான் சொல்லிப்போட்டனே!”

“நீங்கள் கேட்டதில ஒரு பிழையும் இல்லை ரீச்சர். காவல்காரன் சங்கத்தைக் கேக்காமல் கை வச்சது பிழைதானே? நீங்கள் இதை யோசியாதேங்கோ.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. காவல் என்றால் காவல்தான். ஆனால் எனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம். நான் கேட்டால் மடு திறக்கும், அதே மீனுக்காக அவருக்கு மடு மூடும். என் வாக்குமூலத்தால் எனக்கு மரியாதை கூடியது, அவருக்குத் தண்டனை ஒரு சதமும் குறையவில்லை.

யாரோ ஒரு வெற்றிலை கொடுத்தார்கள். மாரிமுத்து அதைக் கொண்டுபோய், காவலைத் திருப்பிக் கொடுக்கும் அடையாளமாய், ஐயனார் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். மழை வந்து குளம் நிரம்பும் வரை அவரோ அவருடைய வீட்டாரோ மடுப்பக்கம் போகக்கூடாது என்றார்கள். அவருக்கு இனி வெற்றிலை இல்லை. அந்தப் பக்கத்தில் வேறு ஒருவருக்கும் இனிக் கிடைக்காது என்பது ஒருவரும் சொல்லாமலே விளங்கியது.

இத்தோடு முடிந்திருந்தால் போதும். தலைவர் இரண்டு பேரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் மடுவுக்குள் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் நனைத்த சாக்குக்குள் ஒரு விராலைக் கட்டிக்கொண்டு வந்து என் கையில் தந்தார்கள்.

“சங்கம் குடுத்தா பிழையில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிடுங்கோ.”

வேண்டாம் என்றேன். திரும்பவும் வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்களிடம் இரண்டு முறை வேண்டாம் என்பது உபசாரம், அதை ஒருவரும் மறுப்பென்று எடுப்பதில்லை. மூன்றாம் முறை கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாரிமுத்து பார்த்துக்கொண்டு நிற்க, அந்தச் சாக்கை நான் கை நீட்டி வாங்கினேன்.

பதினொன்றரை பஸ்ஸுக்கு அவர்கள் இருவரும் வீதி வரை வந்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சாக்கை மாரிமுத்துவிடம் நீட்டினேன்.

“தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இது இன்னும் உயிரோட இருக்கு. கொண்டுபோய் மடுவுக்குள்ள விட்டுவிடுங்கோ.”

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டார். “நான் அங்க போகக்கூடாது ரீச்சர்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். “ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ,” என்று ராணி பதறினார். “எங்கட பிள்ளையை ஆளாக்கி விட்டனீங்கள்.” என்னை இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பஸ் வந்தது. மாரிமுத்து என் பையை ஏற்றிவிட்டு, கொண்டக்டரிடம் ரீச்சருக்கு நல்ல இடமாய்ப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

சாக்கு என் காலடியில் கிடந்தது. மாங்குளத்தில் ஒருமுறை துடித்தது. கிளிநொச்சியில் இன்னொருமுறை. செத்துத் தொலையாதா என்றுகூட நினைத்தேன். செத்தால் ஆனையிறவில் கடலுக்குள்ளே எறிந்துவிட்டு மறந்துபோகலாம் அல்லவா? அது சாகாது. நனைந்த சாக்கு இருந்தால் போதும், காற்றை விழுங்கிக்கொண்டு கிடக்கும். பிறகு என் மேல் எனக்கே கோபம் வந்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றினேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு எந்தக் கோடைக்கும் முழுக்க வற்றியதில்லை. குழாய்த் தண்ணீரும் இருக்கிறது. இவ்வளவு வருஷத்தில் இன்னொரு உயிருக்காக ஆசைப்பட்ட ஒன்றைத் தின்னாமல் விடவேண்டிய தேவை இந்த வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. வாளியில் வைத்து விராலைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டேன். கீழே போனது, பிறகு மேலே வந்து வாயைத் திறந்தது.

கிணற்றுக்கட்டை விட்டு நான் விலக முதல் போன் அடித்தது. மட்டக்களப்பிலிருந்து கலைவாணி. வீட்டில் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம் குரலில்.

“ரீச்சர், குளத்தைக் கண்டனீங்களோ? மடுவைக் காட்டினவரோ? இந்த வருசம் அப்பாதான் காவல், சொன்னவரோ?”

“சொன்னவர் பிள்ளை.”

“அப்பா எப்பிடி, கவனமாய்ப் பாக்கிறாரோ? அவருக்கு அதுதான் ரீச்சர் இப்ப எல்லாம்.”

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“ஓம் பிள்ளை,” என்றேன். “உன்ர அப்பா அந்த மடுவில ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டார்.”